ஹீரோ சாகணுமா, தப்பணுமா? படம் முடிந்தபின் என்னிடம் கேட்கிற கேள்விகள்

மட்டக்களப்புப் பக்கம் மண்டூரில் எங்கள் தெருவில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை இரவு வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுகிறோம். பாய் கொண்டுவருகிறவர்கள் முன்னுக்கு, கதிரை கொண்டுவருகிறவர்கள் பின்னுக்கு. படத்தைத் தெரிவு செய்வது என் பொறுப்பு. அதனால் கடைசியில் ஹீரோ செத்தாலும் என்னிடம்தான் வருவார்கள், தப்பினாலும் என்னிடம்தான் வருவார்கள். மறுநாள் குருமண்வெளிக்குப் போகப் பாதையில் ஏறினால் (வாவியைக் கடக்கிற படகை இங்கே பாதை என்றுதான் சொல்வோம்) அக்கரை சேர்வதற்குள் அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று பட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பல படங்களின் முடிவைச் சொல்லாமல் இதைக் கதைக்க முடியாது, அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

சுத்தி வளைக்காமச் சொல்லுங்க, ஹீரோ கடைசியில சாகணுமா, தப்பணுமா?

இரண்டுக்கும் எனக்குச் சம்மதம். நான் பார்க்கிறது வேறொன்றை: படம் குளிர்த்தி தந்ததா இல்லையா என்று.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும்போது அவள் கதையைச் சொல்கிற கண்ணகி வழக்குரை என்ற பாட்டு நூலைப் படிப்பார்கள். கோவலன் வெட்டுப்படுகிறான், சிலம்பு உடைகிறது, மதுரை எரிகிறது. அதோடு எழும்பி வீட்டுக்குப் போகிறோமா? இல்லையே. கடைசி நாள் குளிர்த்திப் பாட்டுப் பாடி, எரிந்துகொண்டு நிற்கிற அம்மனை ஆறவைத்து, அந்தக் குளிர்ச்சி நம் மேலும் பட்ட பிறகுதான் ஊர் கலைகிறது. கோவலன் திரும்பி வரவேண்டும் என்று அந்த இரவில் யாரும் கேட்டதை நான் கண்டதில்லை. ஆனால் குளிர்த்தி பாடாமல் கோயில் கதவை அடைத்தால் ஊர் விடுமா? படமும் எனக்கு அப்படித்தான். ஹீரோ செத்தாலும் சரி தப்பினாலும் சரி, சூடேற்றி வைத்த நெஞ்சை ஆற்றாமல் அனுப்பக்கூடாது.

குளிர்த்தி எண்டா சந்தோசமான முடிவுதானே? அதுக்கு நீங்க வேற பேர் வச்சிருக்கீங்க.

இல்லை. சிலப்பதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மொத்தம் 30 காதை, கோவலன் சாகிற கொலைக்களக் காதை 16ஆவது. கதாநாயகன் பாதியிலேயே போய்விட்டான், இன்னும் 14 காதை இருக்கிறது. அந்தப் பதினாலிலும் அவன் உயிருக்கு ஈடாக எதுவும் கிடைக்கப்போவதில்லை. ஆனால் அவன் கள்வன் இல்லை என்று அரசவையில் நிரூபணமாகிறது, பிழை செய்த பாண்டியன் தானே கள்வன் என்று ஒத்துக்கொண்டு உயிரை விடுகிறான். நமக்கு அதுதான் குளிர்த்தி. சந்தோசம் அதில் எங்கே இருக்கிறது?

மறுபக்கமும் உண்டு. வில்லன் செத்து, பொலிஸ் வந்து, எல்லோரும் சிரித்துக்கொண்டு வரிசையாக நிற்கிற முடிவு. ஆனால் இடைவேளைக்கு முன்னம் தாயைப் பறிகொடுத்த அந்தச் சின்னப் பிள்ளை என்ன ஆனது என்று இயக்குநர் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட சுபமான படங்கள் போட்ட இரவுகளில் ஆட்கள் ஒன்றும் பேசாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு போவதைக் கண்டிருக்கிறேன்.

நித்திரை முழிச்சுப் படம் பார்க்கிறது சந்தோசமா எழும்பிப் போறதுக்கு. அழவச்சு அனுப்புறது நியாயமா?

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடு சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. சிரிப்புக்கு அடுத்ததாகவே அழுகையை வைத்திருக்கிறார்கள். அது வருகிற காரணங்களில் ஒன்று இழவு. இன்றைக்கும் அதே சொல்லைத்தான் பாவிக்கிறோம். அழுவதற்கும் மனிசருக்கு ஒரு இடம் வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

எங்கள் திரைக்கு முன்னால் எப்போதும் இடது கை ஓரத்தில் பாய் போடுகிற ஒரு பெரியம்மா இருக்கிறார். வெற்றிலைத் தட்டம் பக்கத்தில் இருக்கும், படம் சூடாகிவிட்டால் பாக்கு வெட்டுவதை நிறுத்திவிடுவார், பாக்குவெட்டி திறந்தபடியே கையில் நிற்கும். ஒருதரம் ஹீரோ செத்த படம் முடிந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். "நல்ல படம் மனே. அவர் போனதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் இப்படி அழுதன்" என்றார். பெரியப்பா செத்து அப்போது நான்கு வருடம்.

ஹீரோ செத்தா படம் ஓடாதாமே?

ஓடும். மதுரை வீரன் (1956) மாறுகால் மாறுகை வாங்கிச் சாகிற கதை, அந்தக் காலத்தின் பெரிய வெற்றிப் படங்களில் ஒன்று. நாயகன் (1987), பருத்திவீரன் (2007), டைட்டானிக் (1997) எல்லாவற்றிலும் ஆள் சாகிறான், எல்லாம் ஓடின. தயாரிப்பாளர் ஒரு படம் தோற்றதற்குச் சொல்கிற காரணம் இது. கதை பிடிக்காமல் போன படங்களில் ஹீரோ உயிரோடு இருந்தவையே அதிகம், எண்ணிப் பாருங்கள்.

எம்.ஜி.ஆர் ஒரு படத்திலயும் சாகலை எண்டு அப்பா அடிச்சுச் சொல்றார். உண்மையா?

அப்பாவிடம் மதுரை வீரனை ஞாபகப்படுத்துங்கள். பாசம் (1962) படத்திலும் சாகிறார். ஆனால் அப்பா சொல்வதில் உள்ள உணர்ச்சி பிழையில்லை. மிச்ச எத்தனையோ படங்களில் அவர் தப்பித்தான் வருகிறார், ஆட்கள் அதற்காகத்தான் போனார்கள். வீட்டில் ஒருவனைப் போல எண்ணியிருந்தார்கள், வீட்டு ஆள் அடிபட்டுச் சாவதை யார் காசு கொடுத்துப் பார்ப்பது? 1967 ஜனவரியில் நிஜமாகவே கழுத்தில் துப்பாக்கிச் சூடு பட்டு உயிர் பிழைத்து வந்தார். அதற்குப் பிறகு அந்த நம்பிக்கைக்குச் சினிமாவே தேவைப்படவில்லை.

அப்ப சிவாஜி மட்டும் ஏன் அத்தனை படத்தில செத்தார்?

வீரபாண்டிய கட்டபொம்மனில் (1959) தூக்கு, கர்ணனில் (1964) அம்பு, வியட்நாம் வீட்டில் (1970) நெஞ்சு வருத்தம். கட்டபொம்மனைக் காப்பாற்ற எந்த இயக்குநராலும் முடியாது, 1799இல் கயத்தாறில் தூக்கிலிட்டது வரலாறு. ஆனால் அந்தச் சாவைப் பார்த்துவிட்டு யாரும் குனிந்த தலையோடு போகவில்லை. மேலே சொன்ன எட்டில் அழுகையும் இருக்கிறது, பெருமிதமும் இருக்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில் வருகிற சாவு அது.

கர்ணன் இன்னும் ஒரு படி மேலே. உயிரோடு இருந்த காலமெல்லாம் தேரோட்டி மகன் என்று ஏச்சு வாங்கினவனை, செத்துக்கொண்டிருக்கும்போது குந்தி மடியில் போட்டு ஊர் கேட்க மகனே என்று கதறுகிறாள். பாண்டவர்கள் காதில் அது விழுகிறது. அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் மூன்று மணித்தியாலம் இருந்தோம். அவன் பிழைத்திருந்தால் அந்தச் சொல் வந்திருக்காது.

கர்ணன் கதையைத்தான் தளபதியில எடுத்தாங்க. அதில மட்டும் ரஜினி ஏன் தப்பினார்?

நல்ல கேள்வி. தளபதியில் (1991) கர்ணன் இடத்தில் உள்ளவர் உயிரோடு நிற்கிறார், துரியோதனன் இடத்தில் உள்ள நண்பர், மம்முட்டி நடித்தவர், சாகிறார். ரசிகர்களுக்குப் பயந்து மாற்றினார்கள் என்று பலபேர் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. இந்தக் கதையில் தாய் மகனை உயிரோடு இருக்கும்போதே கண்டுபிடித்துவிடுகிறாள். குந்தியின் கதறல் கடைசிக்கு மிச்சமில்லை. மிச்சம் இருக்கிற கடன் நட்புக் கடன், அதை நண்பர் உயிரைக் கொடுத்துத் தீர்க்கிறார். கணக்கு எங்கே தீருகிறதோ அங்கேதான் சாவு விழுந்திருக்கிறது. (ஹீரோவுக்குப் பதிலாக நண்பனைப் பலி கொடுக்கிற மற்றப் படங்கள் பலவற்றுக்கு இந்த நியாயம் பொருந்தாது. அங்கே நண்பன் முதல் காட்சியில் நல்லவனாகச் சிரிக்கும்போதே அவன் முடிவு தெரிந்துவிடும்.)

நம்மட கூத்தில விடிய விடிய ஆடிப்போட்டுக் கடைசியில சாகத்தான் போறாங்க. அதுக்கு ஒருத்தரும் குறை சொல்றதில்லையே, படத்துக்கு மட்டும் ஏன்?

இதற்குத்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. வடமோடி என்கிற கூத்து வகையில் பெரும்பாலும் பாரதப் போரும் இராமாயணமும். அபிமன்னன் (அருச்சுனன் மகன் அபிமன்யு) சாவான் என்று, ஆடுகிற களரியைச் சுற்றி இருக்கிற ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் 'என்ன நடக்கும்' என்ற பதற்றம் அங்கே இல்லை. எப்படி ஆடப்போகிறான், எந்தத் தாளத்தில் விழப்போகிறான் என்பதுதான் பார்வை. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தில் அடியை இறுக்குகிறபோது, சல்லாரித் தாளம் கூடவே வேகம் எடுக்கிறபோது, அவனுக்கு நேரம் வந்துவிட்டது என்று நமக்குத் தெரியும். அப்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும்.

சின்ன வயதில் ஒரு அபிமன்னனை மிகக் கிட்ட இருந்து பார்த்தேன். வாள் முறிந்து தேர்ச் சில்லைத் தூக்கிக்கொண்டு சுழன்றவன் நான் இருந்த இடத்துக்கு முன்னால்தான் விழுந்தான். விழுந்த பிறகும் சலங்கை கொஞ்ச நேரம் ஓயவில்லை, களைப்பில் கால் நடுங்கியிருக்க வேண்டும். நெஞ்சு மேலும் கீழும் போய்வந்தது, வியர்வையில் அரிதாரம் கழுத்துவரை ஒழுகியிருந்தது. செத்தவன் மூச்சு விடுகிறான் என்று நான் சிரிக்கவில்லை. இரவு முழுக்க எனக்காக ஆடினவன் என்ற எண்ணம்தான் வந்தது. படத்தில் இது கிடைப்பதில்லை. அங்கே கமெரா முகத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

இன்னொன்று, கூத்தில் யார் ஹீரோ என்பதையே மாற்றலாம். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் நம் கூத்துகளைச் சுருக்கிப் பேராதனையில் மேடையேற்றிய காலத்தில், மௌனகுரு எழுதிய இராவணேசனில் இராவணன்தான் நாயகன். சாகப்போகிறோம் என்று தெரிந்தும் போருக்குப் போகிறவன். வில்லன் செத்தான் என்று கைதட்ட வேண்டிய இடத்தில் தொண்டை அடைக்கிறது. சாவை மாற்றவில்லை, நாம் யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதை மட்டும் மாற்றினார்கள்.

நாங்க பார்த்த சாவு போதாதா தம்பி? படத்திலயும் சாகணுமா?

இதைக் கேட்டவர் கடலோரத்து நாவலடியில் வீடு இருந்த ஒரு அக்கா. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இங்கே சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார். இந்தக் கேள்விக்கு நான் எதிர்த்துப் பேசுவதில்லை. போரும் கடலும் தொடாத வீடு இந்த வாவியின் எந்தக் கரையிலும் குறைவு. பெரியம்மாவுக்கு அழுகை ஆறுதலாக இருந்தது என்பதற்காக எல்லோருக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

செய்யக்கூடியதை மட்டும் செய்கிறோம். டிசம்பரில் கடல் பெருகுகிற காட்சி உள்ள படம் போடுவதில்லை. வெடிச்சத்தம் அதிகமுள்ள படத்துக்கு ஒலியைக் குறைத்து வைக்கிறோம். ஹீரோ சாகிற படம் என்றால் வெள்ளிக்கிழமையே தெருவில் சொல்லிவிடுகிறேன், வராதவர்களை ஏன் வரவில்லை என்று கேட்பதும் இல்லை. அந்த அக்கா பகிடிப் படங்களுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தார். போன வருடம் ஒரு சாவுப் படத்துக்குத் தானாக வந்து, பின்னால் கதிரையில் இருந்து முழுவதும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செத்தானா இல்லையா எண்டே காட்டாம முடிக்கிற படங்கள் எப்படி?

கபாலி (2016) போட்ட இரவு இதற்காகச் சண்டையே வந்தது. கடைசியில் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, யார் மேல் பட்டது என்று தெரியாது. மலேசியாவில் ஓடிய பிரதியில் மட்டும் கபாலி பொலிசில் சரணடைந்தார் என்று எழுத்தில் போட்டு முடித்தார்கள். அதாவது ஒரே படத்துக்கு நாட்டுக்கு ஒரு முடிவு. இளம் பெடியன்களுக்கு இந்த மாதிரி முடிவு விருப்பம், ஒரு கிழமைக்குக் கதைக்க விசயம் கிடைக்கும்.

எனக்கு இதில் ஒரு தயக்கம் இருக்கிறது. இங்கே எத்தனையோ வீடுகளில் மகன் படம் சுவரில் தொங்குகிறது, மாலை போடவும் முடியவில்லை, போடாமல் இருக்கவும் முடியவில்லை. போனவன் வருவானா என்று தெரியாமல் ஒரு தாய் இருப்பது எப்படி என்று அந்த வீடுகளுக்குத் தெரியும். சாவுக்குக் குளிர்த்தி உண்டு. தெரியாமைக்குக் குளிர்த்தி பாட முடியாது. அதனால் நல்ல காரணம் இல்லாமல், வெறும் கெட்டித்தனத்துக்காக முடிவை மறைக்கிற படத்தை நான் தெரிவு செய்வதில்லை.

ஹீரோ செத்தா இவ்வளவு கதைக்கிறீங்க, ஹீரோயின் செத்தா ஒருத்தரும் கேட்கிறதில்லையே?

இதைக் கேட்டது உயர்தரம் படிக்கிற ஒரு தங்கச்சி. கேட்டவுடனே எனக்குப் பதில் வரவில்லை. உண்மைதான், எத்தனை படங்களில் மனைவியோ தங்கச்சியோ காதலியோ இடைவேளையில் சாகிறார்கள், ஹீரோவுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காக மட்டும். அந்தச் சாவுக்கு அழ ஒரு நிமிடம்கூடக் கொடுப்பதில்லை, உடனே ஹீரோ கத்தியை எடுத்துவிடுகிறார்.

பருத்திவீரன் அப்படியான படம் இல்லை. அவன் செய்த பாவம் அவள் மேல் விழுகிறது என்பதுதான் அதன் கதையே. முத்தழகுவாக நடித்த பிரியாமணிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. என்றாலும் அந்தக் கடைசிக் காட்சியை என்னால் இரண்டாம் தரம் பார்க்க முடியவில்லை, தெருவிலும் அந்தப் படத்தைப் போடமாட்டேன். அவன் கடனை அவள் உடம்பில் வசூலிப்பதற்கு எந்தக் குளிர்த்தியும் போதாது. தங்கச்சி, உங்கள் கேள்விக்குப் பிறகு நான் படம் தெரிவு செய்யும்போது இதையும் பார்க்கிறேன்.

ஹீரோ கெட்டவன் எண்டா சாகத்தானே வேணும்? இல்லாட்டி பிள்ளைகளுக்கு என்ன பாடம்?

பாடத்துக்காகக் கொல்லுகிற முடிவு பள்ளிக்கூடப் பிரம்பு மாதிரி, அந்த நேரத்துக்கு வலிக்கும், பிறகு மறந்துபோகும். நாயகனைப் பாருங்கள். வழக்கில் வேலு நாயக்கர் விடுதலையாகி வெளியே வருகிறார், சனம் ஆர்ப்பரிக்கிறது. அவர் கொன்ற பொலிஸ்காரரின் மகன், புத்தி வளராதவன், அந்தக் கூட்டத்துக்குள் வைத்துச் சுடுகிறான். சட்டம் தண்டிக்கவில்லை. தான் அநாதையாக்கிய பிள்ளை கையால்தான் சாவு. இதற்குக் கொஞ்சம் முன்னம் பேரன் அவரிடம் நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று கேட்க, அவரால் பதில் சொல்ல முடியாமல் போகிறது. பிள்ளைகளுக்குப் பாடம் வேண்டும் என்றால் அந்தக் காட்சியைக் காட்டுங்கள்.

ஹீரோவைச் சாகடிச்சாத்தான் தரமான படம் எண்டு எழுதுறவங்க நினைக்கிறாங்களோ?

மருதமுனையிலிருந்து வருகிற ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே இப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டது. நெசவுச் சாமான் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிற நாள் படம் இருந்தால் இருந்து பார்த்துவிட்டுத்தான் போவார். சிலர் அப்படி நினைக்கிறார்கள் நானா, அதற்கு அரிஸ்டாட்டிலைத் துணைக்கு இழுப்பார்கள். துன்பத்தில் முடிகிற நாடகமே சிறந்தது என்று அவர் சொன்னது சரி. ஆனால் அதைச் சொன்ன கவிதையியல் நூலிலேயே கொஞ்சம் தள்ளி, உறவு தெரியாமல் கொல்லப்போகிறவன் கடைசிக் கணத்தில் அடையாளம் கண்டு கையை நிறுத்துகிறானே, அதுதான் எல்லாவற்றிலும் மேல் என்கிறார். அவரே ஒரு பக்கம் சாயவில்லை.

இந்தியப் பக்கம் சமஸ்கிருத நாடகங்கள் மேடையில் சாவைக் காட்டுவதையே தவிர்த்தன. பாசன் எழுதிய ஊருபங்கம் அதை மீறியது, துரியோதனன் மேடையிலேயே உயிர் விடுகிறான். எந்தப் பக்கத்திலும் ஒரே சட்டம் நின்று பிடிக்கவில்லை. விருதுக்காகச் செத்த ஹீரோவை இரண்டு காட்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம், முதலிலிருந்தே அவன் முகத்தில் வெயிலே படாது.

டைட்டானிக்கில அந்தப் பலகையில ரெண்டு பேரும் ஏறியிருக்கலாமே?

கப்பல் மூழ்கின பிறகு அவள் மட்டும் பலகையில் கிடக்க, அவன் குளிர் தண்ணீரில் சாகிறானே, அதைத்தான் கேட்கிறார்கள். இயக்குநர் கமெரூன் படம் வந்து 25 வருடம் கழித்து ஆட்களைக் குளிர் தண்ணீரில் இறக்கிச் சோதித்தே பார்த்தார், ஒரு விதத்தில் பிழைத்திருக்கவும் கூடும் என்று ஒத்துக்கொண்டார். ஆனாலும் கதைக்கு அவன் சாகத்தான் வேண்டும் என்பது அவர் முடிவு. எனக்கும் அதுதான். கிழவியாகிப் பேரப்பிள்ளையோடு வந்து அவள் கதை சொல்கிறாளே, அவன் கொடுத்த வாழ்க்கை அது. மேலே குளிர்த்தி என்று சொன்னதற்கு இதைவிடச் சுலபமான உதாரணம் கிடையாது.

காதலர் ரெண்டு பேரும் சேர்ந்து உயிரை விடுறதுதான் உண்மையான காதல் எண்டு காட்டுற படங்கள்?

போடமாட்டேன். பிறர் கையால் சாவது வேறு, போரில் சாவது வேறு. தன் உயிரைத் தானே எடுப்பதை மழை, பாட்டு, பூ என்று அழகாக்கிக் காட்டும்போது, முன் வரிசையில் பதினாறு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை நான் மறக்க முடியாது. இதில் மட்டும் கலை, சுதந்திரம் என்று என்னோடு வாதாட வேண்டாம். யாருக்காவது அப்படி எண்ணம் வந்தால், இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல உதவிச் சேவையில் கதைக்கலாம், அதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இப்ப ஏ.ஐ. வச்சுச் செத்த ஹீரோவை எழுப்பலாமாமே? அப்ப பிரச்சினை முடிஞ்சுதே.

நடந்துவிட்டது. தனுஷ் நடித்து 2013இல் வந்த ராஞ்சனா என்ற இந்திப் படத்தில் ஹீரோ ஆசுபத்திரியில் சாகிறான். அதன் தமிழ் வடிவமான அம்பிகாபதியை 2025 ஓகஸ்டில், செயற்கை நுண்ணறிவால் முடிவை மாற்றி அவன் கண் முழிப்பதாகத் திரும்ப வெளியிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுசும் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். அம்பிகாபதி என்ற பெயரே, காதலுக்காக உயிர் போன கம்பர் மகனின் பெயர் என்று தமிழருக்குத் தெரியும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஆளை எழுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

முடிவை மாற்றுவது புதிதில்லை. சேக்ஸ்பியரின் லியர் அரசனை 1681இல் ஒருவர் சுபமாக மாற்றி எழுதினார், மகளும் தந்தையும் உயிரோடு இருப்பதாக. சுமார் 150 வருடம் இங்கிலாந்து மேடைகளில் அதுதான் ஓடியது, பிறகு பழைய முடிவே திரும்ப வந்தது. ஆனால் அவர் குறைந்தபட்சம் தன் கையால், தன் பெயரில் எழுதினார். நடிகன் நடிக்காத முகத்தை அவன் சம்மதம் இல்லாமல் அவன் மேல் ஒட்டவில்லை.

செத்த ஹீரோ ரெண்டாம் பாகத்தில உயிரோட வந்தா?

ஷெர்லாக் ஹோம்ஸை 1893இல் கொன்ற எழுத்தாளரே வாசகர் விடாததால் 1903இல் திரும்ப உயிரோடு கொண்டுவந்தார். உடலை யாரும் பார்க்கவில்லை என்ற ஓட்டை முதல் கதையிலேயே இருந்தது, அதனால் ஒத்துக்கொள்ளலாம். நம் கண் முன்னால் கொள்ளி வைத்தவனை எழுப்பிக்கொண்டு வந்தால், அன்றைக்கு அழுதவர்களை ஏமாற்றியதாகும்.

குறும்படம் ஒண்டு எழுதுறன் அண்ணே. ஹீரோவைக் கொல்லவா, விடவா?

முதலில் அவன் செத்த பிறகு வருகிற காட்சியை எழுதுங்கள். அடுத்த நாள் காலை அந்த வீட்டில் யார் அடுப்பு மூட்டுகிறார், அவன் செருப்பு எங்கே கிடக்கிறது, அவன் வாங்கின கடனைக் கேட்டு யார் வருகிறார். அந்தக் காட்சி எழுத வந்தால் கொல்லலாம். எழுத ஒன்றும் இல்லை என்றால், படத்தை எப்படி முடிப்பது என்று தெரியாமல் அவனைக் கொல்லப் பார்க்கிறீர்கள், விட்டுவிடுங்கள். தப்பவைப்பதாக இருந்தாலும் இதே வேலைதான்: தப்பினவன் எதை இழந்துவிட்டுத் தப்பினான் என்பது தெரியவேண்டும்.

மாமா, அந்த அபிமன்னன் உண்மையா செத்துப்போனானா?

தங்கச்சியின் மகள், ஏழு வயது. மேலே கூத்துக் கேள்வியில் சொன்ன கதையை அவளுக்குச் சொன்னபோது கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

அரங்கேற்றம் முடிந்த பிறகு கூத்தர்கள் வீட்டுக்கு வீடு ஆட வருவார்கள். நான் வாசலில் இருந்தேன். தூரத்தில் மத்தளம் கேட்டது, பிறகு சலங்கை. படலையைத் திறந்துகொண்டு முதலாவதாக வந்தது அபிமன்னன்தான். முழங்கையில், விழுந்த இடத்துக் காயம் சிவந்திருந்தது. எங்கள் முற்றத்தில் ஒரு சுற்று ஆடினான், நான் அம்மம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆடி முடிந்ததும் அம்மம்மா உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் அண்ணாந்து, வாயில் படாமல், ஒரே மூச்சில் குடித்தான்.